இடம்பெயர்ந்த பெயர்கள்: சுந்தரபாண்டியபுரம், தென்காசி, குற்றாலம் ஆகிய ஊர்ப்பெயர்களில் உலகும் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

தென்காசி மாவட்டத்தின் ஊர்ப்பெயர்களுள் சில, தொலைவிலுள்ள புகழ்பெற்ற தலமொன்றையோ வரலாற்றில் இடம்பெற்ற அரசரையோ நினைவூட்டுவனவாக அமைந்துள்ளன. சுந்தரபாண்டியபுரம் பாண்டிய அரசப் பெயரையும், தென்காசி கங்கைக்கரைக் காசியையும், குற்றாலத்திற்கு வழங்கும் திரிகூடம் என்னும் பெயர் புராண மலையையும் தாங்கி நிற்கின்றன. இப்பெயர்கள் எத்தகைய வரலாற்றுச் சூழலில் பொருள் பெற்றன, அவற்றைச் சான்றாகக் கொள்ளும்போது பேண வேண்டிய வரையறைகள் எவை, இன்று அவற்றின்மேல் படியும் புதிய பெயர்கள் எதை உணர்த்துகின்றன என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. எத்தியோப்பியாவின் லாலிபெலாவும் தாய்லாந்தின் அயுத்தியாவும் ஒப்புமைக்குக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: ஊர்ப்பெயராய்வு, சுந்தரபாண்டியபுரம், தென்காசிப் பாண்டியர், திரிகூடம், குற்றாலக் குறவஞ்சி, லாலிபெலா

முன்னுரை

ஊர்ப்பெயர்கள் வரலாற்றுச் சான்றுகளாகும் தகுதியுடையன என்பதைத் தமிழில் விரிவாக நிறுவியவர் ரா. பி. சேதுப்பிள்ளை. அவர்தம் ‘ஊரும் பேரும்’ நிலம், மலை, ஆறு, நாடு, குலம், தேவு, தலம் எனப் பெயர்களை வகைப்படுத்திக் காட்டியது. அந்நூலுக்குப் பின் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஊர்ப்பெயரின் முன்னொட்டு, பின்னொட்டு, சொற்பிறப்பு ஆகியவற்றில் கருத்தைச் செலுத்தின. ஓர் ஊர்ப்பெயர் அவ்வூரைவிட்டு வெளியே எதைச் சுட்டுகிறது என்னும் வினா அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை.

தென்காசி வட்டாரம் இவ்வினாவிற்கு ஏற்ற களமாகும். 2019 நவம்பர் 22ஆம் நாள் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கிய இப்பகுதி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்தில் அமைந்துள்ளது. மலைத்தொடரின் இடைவெளியான ஆரியங்காவுக் கணவாய் இதனைக் கொல்லத்துடன் இணைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றும் குற்றாலச் சாரலும் மட்டுமன்றி, வணிகரும் படையும் அடியாரும் வந்துபோன பாதை இது. மலையடிவாரத்தில் ஒதுங்கிக் கிடப்பதாகத் தோன்றும் ஊர்களின் பெயர்களில் காசியும் மதுரையும் புராண மலையும் இடம்பெற்றமைக்கு இவ்வமைவிடமும் ஒரு பின்னணியாகும்.

1. சுந்தரபாண்டியபுரம்: ஒரு பெயர், பல அரசர்

தென்காசியிலிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ள பேரூர் சுந்தரபாண்டியபுரம். ‘சுந்தரபாண்டியன்’ என்னும் ஆட்பெயரும் ‘புரம்’ என்னும் பின்னொட்டும் சேர்ந்த பெயரமைப்பு வெளிப்படையானது. ஆனால், அப்பெயர் சுட்டும் ஆள் யார் என்று கேட்கும்போது ஊர்ப்பெயராய்வின் முதல் இடர் எதிர்ப்படுகிறது.

பிற்காலப் பாண்டியருள் சுந்தரபாண்டியன் என்னும் பெயர் பூண்டோர் பலர். சோழப் பேரரசின் வலிமையை ஒடுக்கி, வென்ற நாட்டைச் சோழனுக்கே மீட்டளித்ததால் ‘சோணாடு வழங்கியருளிய’ எனப் பாராட்டப்பெற்ற முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் 1216இல் அரியணை ஏறினான். 1251இல் முடிசூடிய முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் பாண்டியப் பேரரசை அதன் உச்சத்திற்குக் கொண்டுசென்றான். தில்லையிலும் திருவரங்கத்திலும் பொன் வேய்ந்தான். 1311இல் மாலிக் காபூரின் படை தெற்கே வந்தபோது அரியணைக்காக வீரபாண்டியனுடன் போரிட்டுக்கொண்டிருந்தவனும் ஒரு சுந்தரபாண்டியனே.

இப்பெயர் அரசருக்கு மட்டும் உரியதன்று. மதுரையில் தடாதகைப் பிராட்டியை மணந்த சிவபெருமான் சுந்தரபாண்டியனாக முடிசூடி ஆண்டார் என்பது திருவிளையாடற் புராண மரபு. ஆகவே, இப்பெயரைக் கேட்ட இடைக்காலத்தவரின் உள்ளத்தில் அரசனும் இறைவனும் ஒருங்கே தோன்றியிருத்தல் கூடும். பாண்டிய அரசர் இப்பெயரை மீண்டும் மீண்டும் பூண்டதற்கும் இதுவே அடிப்படை. அரசனின் ஆட்சி, இறைவனின் ஆட்சியின் தொடர்ச்சியாக முன்வைக்கப்பட்டது.

இப்பெயர் கடல் கடந்தும் சென்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சோழமண்டலக் கரையைக் கடந்து சென்ற வெனிசு நகரத்து வணிகர் மார்க்கோ போலோ, மாபார் என்று அரேபியரும் பாரசீகரும் அழைத்த அந்நாட்டை உடன்பிறந்தோர் ஐவர் ஆண்டனர் என்றும், அவருள் ஒருவன் ‘சுந்தர பாண்டித் தேவர்’ என்னும் பெயரினன் என்றும் பதிவு செய்துள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபின் நூலிலும் இப்பெயர் திரிந்த வடிவில் காணப்படுகிறது. 1298இல் ஜெனோவா நகரச் சிறையில் ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதிய பயண நூலில் இடம்பெற்ற பெயரே, இன்று குற்றால மலையடிவாரத்துப் பேரூர் ஒன்றின் பெயர்ப்பலகையிலும் உள்ளது.

இவ்வொற்றுமையைக் கொண்டு, போலோ குறித்த அரசனே இவ்வூரின் பெயருக்கு உரியவன் என முடிவு செய்தல் பிழையாகும். அரசப் பெயரால் அமைந்த ஊர், அவ்வரசன் வாழ்ந்த காலத்திலும் தோன்றலாம். அவன் மரபினர் அவன் நினைவாகப் பிற்காலத்தில் அமைத்ததாகவும் இருக்கலாம். இறைவன் பெயரால் அமைந்திருக்கவும் இடமுண்டு. பெயர் ஓர் அரச மரபின் பரவலுக்குச் சான்றாகும்; ஒரு தனி அரசனின் ஆட்சியாண்டிற்குச் சான்றாக, கல்வெட்டோ செப்பேடோ துணைநிற்க வேண்டும். இவ்வரையறையைப் பேணாமையாலேயே தல வரலாறுகளில் ஒரே அரசனின்மேல் பல நூற்றாண்டுப் பணிகள் ஏற்றிச் சொல்லப்படுகின்றன.

2. தென்காசி: பெயருடன் வந்த தலம்

மாலிக் காபூரின் படையெடுப்பு, மதுரைச் சுல்தான்களின் ஆட்சி, விசயநகரப் படையெடுப்பு ஆகியவற்றால் 14ஆம் நூற்றாண்டில் பாண்டியர் மதுரையை இழந்தனர். அவர்தம் ஆட்சி தெற்கே திருநெல்வேலிச் சீமைக்குள் சுருங்கியது. இச்சூழலில் ஆண்ட அரிகேசரி பராக்கிரம பாண்டியன் (1422–1463), சிற்றாற்றின் கரையில் விசுவநாதருக்குக் கோயில் எடுத்தான். 1446இல் கோயிற்பணி தொடங்கியது; 1457இல் கோபுரப் பணி தொடங்கப்பட்டது. அவன் காலத்திற்குள் முற்றுப்பெறாத கோபுரத்தை அவன் தம்பி குலசேகர பாண்டியன் நிறைவு செய்தான் என்பர்.

காசிக்குச் செல்லும் அடியார் பலர் வழியிலேயே உயிர் துறந்ததால், காசியைத் தெற்கே அமைக்குமாறு இறைவன் அரசனின் கனவில் பணித்தார் என்பதும், எறும்பின் வரிசையைப் பின்தொடர்ந்து சென்று செண்பக வனத்தில் இலிங்கத்தைக் கண்டான் என்பதும் தல மரபு. காசியிலிருந்து தென்காசிக்குக் கொண்டுவரப்பட்ட இலிங்கம் வழியில் நிலைத்த இடமே சிவகாசி என்று மற்றொரு மரபு கூறுகிறது. இம்மரபுகளை நிகழ்ச்சிக் குறிப்பாகக் கொள்ள இயலாது. எனினும், அவை உணர்த்தும் பொருள் தெளிவானது: தொலைவும் வழியின் இடரும் மக்களை ஒரு தலத்திலிருந்து பிரித்தன; மக்கள் செல்ல இயலாத தலத்தை அரசன் மக்களிடம் கொண்டுவந்தான்.

‘தென்’ என்னும் அடை தமிழக ஊர்ப்பெயர்களில் இருவகைப் பணி செய்கிறது. தாமிரபரணிக் கரையிலுள்ள தென்திருப்பேரையில் அது சோழநாட்டுத் திருப்பேர் நகரிலிருந்து அவ்வூரை வேறுபடுத்துகிறது. தென்காசியில் அது வேறுபடுத்துவதைவிட உறவுபடுத்தும் பணியையே செய்கிறது. காசி என ஒரே பெயரைச் சூட்டாமல் தென்காசி எனச் சூட்டியதால், மூலத் தலம் வடக்கே உள்ளது என்னும் உண்மையைப் பெயரே ஒப்புக்கொள்கிறது.

தலத்துடன் நூலும் வந்தது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்காசியை ஆண்ட அதிவீரராம பாண்டியன், காந்த புராணத்தின் காசிப் பகுதியைக் ‘காசி காண்டம்’ எனத் தமிழில் பாடினான். அவன் உறவினனான வரதுங்கராம பாண்டியன் ‘பிரமோத்தர காண்டம்’ பாடினான். காசிக்குச் செல்லாதவரும் காசியின் தீர்த்தங்களையும் துறைகளையும் தமிழில் அறிய முடிந்தது. அடுத்த நூற்றாண்டில் அதே தாமிரபரணிக் கரையில், திருவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் காசிக்குச் சென்று மடம் நிறுவியதையும், ‘காசிக் கலம்பகம்’ பாடியதையும் இதனோடு இணைத்துக் காண வேண்டும். காசி தெற்கே வந்தபின் தெற்கிலிருந்து காசிக்குச் செல்லும் வழி அடைபடவில்லை. பெயர்ப்பெயர்வு மூலத்திற்கு மாற்றாகவில்லை.

3. உலக ஒப்புமை: லாலிபெலாவும் அயுத்தியாவும்

எட்டாத தலத்தை அருகில் அமைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. எத்தியோப்பியாவின் மலைநாட்டிலுள்ள லாலிபெலாவில் பாறையைக் குடைந்து அமைத்த 11 தேவாலயங்கள் உள்ளன. 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்ட லாலிபெலா என்னும் அரசனின் பணியாக மரபு இவற்றைக் கூறுகிறது. 1187இல் எருசலேம் நகரம் சலாகுதீன் வசமானது. எருசலேமுக்கு மாற்றாகவே இத்தலம் அமைந்தது என்னும் கருத்து நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அவ்வூரின் நீரோடை யோர்தான் ஆற்றின் பெயரால் யோர்தானோசு என அழைக்கப்படுகிறது. 1978இல் யுனெசுகோ இத்தேவாலயங்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

தாய்லாந்தின் அயுத்தியா வேறுவகை. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தலைநகராக நிறுவப்பட்ட அந்நகர், இராமாயண அயோத்தியின் பெயரைத் தாங்கியது. அங்கு இடம்பெயர்ந்தது தலப்பயணம் அன்று, அரசாட்சியின் இலக்கணமே. இராமனின் நகர்ப்பெயரைச் சூட்டியதன்வழி அரசன் தன் ஆட்சிக்கு ஒரு முன்மாதிரியைத் தேடிக்கொண்டான்.

மூன்றையும் ஒப்புநோக்கும்போது ஒரு வேறுபாடு புலனாகிறது. எத்தியோப்பியத் தலத்தின் பழைய பெயர் ரோகா. பிற்காலத்தில் அது அரசனின் பெயராலேயே லாலிபெலா ஆயிற்று. தென்காசியிலோ கோயில் எடுத்த பராக்கிரமனின் பெயரை நகர் பெறவில்லை. ஆட்பெயரும் தலப்பெயரும் லாலிபெலாவில் ஓரிடத்தில் குவிந்தன. தென்காசி வட்டாரத்தில் அவை தனித்தனி ஊர்களில் நின்றன. சுந்தரபாண்டியபுரம் பாண்டியரின் மதுரை நினைவையும், தென்காசி அடியாரின் காசி நினைவையும் சுமக்கின்றன. தலைநகரையும் பரப்பையும் இழந்த ஓர் அரச மரபு எஞ்சிய நிலத்தில் தன் பெருமையை எவ்வாறு காத்துக்கொண்டது என்பதை இவ்விரு பெயர்களையும் சேர்த்துப் படிக்கும்போதே முழுமையாக உணர முடிகிறது.

4. திரிகூடம்: மலையும் குறத்தியின் வழியும்

குற்றாலத்திற்குத் திரிகூடம் என்னும் பெயரும் உண்டு. மூன்று சிகரங்களை உடையது என்பது அதன் பொருள். புராணங்கள் கூறும் மலையொன்றின் பெயரும் இதுவே. கண்ணெதிரில் நிற்கும் மலையின் தோற்றமும் புராணம் சொல்லும் மலையின் பெயரும் இங்கு ஒன்றையொன்று தழுவிக்கொண்டன. ஐந்து சபைகளுள் சித்திர சபை இங்கு அமைந்ததால், சிதம்பரம், மதுரை, திருவாலங்காடு, திருநெல்வேலி ஆகிய தலங்களுடனும் குற்றாலம் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டது.

இப்பெயரைத் தம் பெயரிலேயே கொண்டவர் திரிகூடராசப்பக் கவிராயர். அவர் பாடிய ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’ சிறந்த சிற்றிலக்கியமாகப் போற்றப்படுவது. மதுரை நாயக்க அரசர் முத்துவிசயரங்க சொக்கநாதர் (1706–1732) அதற்குப் பரிசாக அளித்த நிலம் ‘குறவஞ்சி மேடு’ எனப்பட்டது. ஒரு நூலின் பெயரே நிலத்தின் பெயரான அரிய சான்று இது.

அந்நூலின் இறுதிப் பகுதியில், பிரிந்திருந்த சிங்கியைச் சிங்கன் காண்கிறான். அவள் அணிந்துள்ளவற்றை அவன் அறியாதவன்போல் வினவ, அவை எந்த நாட்டில் குறி சொல்லிப் பெற்ற பரிசுகள் என அவள் விடை தருகிறாள். சேலத்துச் சிலம்பும், கண்டி நாட்டுக் கால்விரல் அணியும், நெல்வேலிச் சேலையும், காயலார் தந்த முத்தாரமும் அவ்விடைகளில் வருகின்றன. நகைச்சுவையாக அமைந்த அவ்வுரையாடல், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குற்றால மலையடிவாரத்தில் நின்று நோக்கிய ஒரு புலவரின் மனத்தில் உலகம் எவ்வளவு விரிந்திருந்தது என்பதைக் காட்டும் படமாகவும் அமைகிறது. கடலுக்கு அப்பாலுள்ள கண்டியும் அதில் அடங்கியிருந்தது.

இவ்வரிசையில் வரும் காயல் தனிக் கவனத்திற்குரியது. தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் இருந்த இத்துறைமுகத்தையும் மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். ஓர்முசு, ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிய கலங்கள் அங்கு வந்தன என்கிறார். கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் இத்துறைமுகத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளார். குற்றாலத்தில் அருவியாக வீழும் சிற்றாறு தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியுடன் கலந்து, காயல் இருந்த கரையை நோக்கிச் செல்கிறது. மலைத்தலத்தையும் தென்காசியையும் பன்னாட்டுத் துறைமுகத்தையும் ஒரே நீர்வழி கோத்திருப்பதால், குறத்தியின் பட்டியல் வெறும் கற்பனை வரிசையாகாமல் நிலவமைப்போடு பொருந்தியதாகிறது.

5. கோபுரமும் அரசனின் வேண்டுகோளும்

பெயர் நிலைத்திருப்பதற்கு அது குறிக்கும் சின்னமும் பேணப்பட வேண்டும். இதனைப் பராக்கிரம பாண்டியனே உணர்ந்திருந்தான் என்பதற்குத் தென்காசிக் கோயிலின் பாடற் கல்வெட்டுகள் சான்றாகின்றன. கோயிலுக்குப் பிற்காலத்தில் குறை ஏதும் நேருமாயின், அக்குறையை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை உலகறியப் பணிந்தேன் என அவன் அக்கல்வெட்டில் கூறுகிறான். அரசரின் கல்வெட்டுகள் பொதுவாகத் தருமத்தைக் காப்பவருக்குப் புண்ணியமும் அழிப்பவருக்குப் பாவமும் வரும் எனக் கூறி முடியும். இங்கே அரசன், தான் அறியாத வருங்கால மனிதர்முன் தலைதாழ்த்துகிறான். பேரரசு கைநழுவிப்போனதைக் கண்ட மரபில் வந்தவனுக்கு, கல்லும் நிலையற்றது என்பது தெரிந்திருந்தது.

அவன் அஞ்சியது நிகழ்ந்தது. கோபுரம் சிதைந்து, பிளந்த நிலையில் நெடுங்காலம் நின்றது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பா. சிவந்தி ஆதித்தனாரின் முயற்சியுடன் திருப்பணி நடைபெற்று, ஒன்பது நிலைக் கோபுரம் எழுப்பப்பட்டு, 1990இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஆகவே இன்று தென்காசியின் அடையாளமாக வானளாவி நிற்கும் கோபுரம் 15ஆம் நூற்றாண்டின் அடித்தளத்தையும் 20ஆம் நூற்றாண்டின் பணியையும் ஒருசேரக் கொண்டது. அதனைப் ‘பாண்டியர் கோபுரம்’ என்று மட்டும் எழுதுவது, எந்த வருங்கால மனிதரை அரசன் பணிந்தானோ அவரை வரலாற்றிலிருந்து நீக்குவதாகும்.

6. புதிய பெயர்களின் படிவு

ஊர்ப்பெயர் உருவாக்கம் முடிந்துபோன செயலன்று. 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ திரைப்படத்தில் கதைத்தலைவியின் ஊராகக் காட்டப்பெற்றதன்வழி சுந்தரபாண்டியபுரம் தமிழகத்திற்கு வெளியிலும் அறியப்பட்டது. 2005இல் வெளிவந்த ‘அந்நியன்’ படத்தின் பாடற்காட்சிக்காக வண்ணம் தீட்டப்பட்ட பாறைகள் ‘அந்நியன் பாறை’ என வழங்கலாயின. குற்றாலத்தில் சாரல் வீசும் மாதங்களில் ஊரைச் சுற்றிப் பூக்கும் சூரியகாந்தி வயல்களைக் காணக் கேரளத்திலிருந்தும் மக்கள் வருகின்றனர். இன்று பலருக்கு இவ்வூர் அரசனின் ஊராக அன்றி, பாறையின் ஊராகவும் பூவின் ஊராகவுமே அறிமுகமாகிறது.

இதனைச் சிதைவு எனக் கருதிப் புறந்தள்ளுதல் ஊர்ப்பெயராய்வுக்கு ஏற்றதன்று. காசியின் புகழ் சிற்றாற்றங்கரைக்கு வந்ததும், குறவஞ்சியின் புகழ் ஒரு மேட்டு நிலத்திற்குப் பெயரானதும், திரைப்படத்தின் புகழ் ஒரு பாறைக்குப் பெயரானதும் ஒரே இயல்பின் வெவ்வேறு காலத்து வெளிப்பாடுகள். புகழ் பெற்ற ஒன்றன் பெயரால் அருகிலுள்ள நிலத்தை அறிந்துகொள்ள மக்கள் முற்படுகின்றனர். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் குறித்தல் வேண்டும். தென்காசி என்னும் பெயரைக் கோயிலும் கல்வெட்டும் காப்பியமும் ஆறு நூற்றாண்டுகளாகத் தாங்கி நின்றன. பாறையின்மேல் தீட்டிய வண்ணமோ மழையிலும் வெயிலிலும் மங்கக்கூடியது. வண்ணம் மறைந்தபின் பெயர் மட்டும் எஞ்சினால், வருங்கால ஆய்வாளர் ‘அந்நியன்’ என்னும் சொல்லுக்கு அயல்நாட்டுப் படையெடுப்பாளன் ஒருவனைக் கற்பித்துக் கதை புனையவும் கூடும்.

அத்தகைய பிழையைத் தவிர்க்கும் வழி, பெயர் பிறந்த சூழலை அது வாழும் காலத்திலேயே எழுதி வைப்பதாகும். பெரிய ஊர்களின் பெயர்கள் அரசாவணங்களில் நிலைபெற்றுள்ளன. குளம், மடை, தோப்பு, பாறை, வயல் ஆகியவற்றின் பெயர்களோ முதியோரின் வாய்மொழியில் மட்டுமே பெரிதும் வாழ்கின்றன. நிலம் மனைப்பிரிவாகும்போதும், குளம் தூரும்போதும் அவை ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடும்.

முடிவுரை

இதுகாறும் விளக்கியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, சுந்தரபாண்டியபுரம் போன்ற ஆட்பெயர் ஊர்கள் அரச மரபின் நினைவிற்குச் சான்றாகுமேயன்றி, தனியொரு அரசனின் காலத்தைத் தாமே நிறுவுவன அல்ல. இரண்டாவது, தென்காசி போன்ற பெயர்ப்பெயர்வு மூலத் தலத்தை மறுப்பதாகாது. எட்டாத தொலைவை எட்டும்படி செய்த சமூகச் செயலாகும் என்பதை லாலிபெலா ஒப்புமை உறுதிப்படுத்துகிறது. மூன்றாவது, ஒரு தலத்தின் அடையாளம் அதனை எடுத்தவராலும் பின்வந்து பேணியவராலும் சேர்ந்தே உருவாகிறது.

பராக்கிரம பாண்டியனின் வேண்டுகோள் கோயிற்பணியாளருக்கு மட்டும் உரியதாகாது. பெயரில் நேரும் குறையும் குறையே. ஒரு வட்டாரத்தின் பெயர்களைச் சரியான சான்றுடன் பதிவுசெய்து, மிகைக்கூற்றை நீக்கி, அடுத்த தலைமுறைக்கு அளிக்கும் ஆய்வாளரும் அவ்வரசன் முன்கூட்டியே வணங்கியவருள் ஒருவராவார். தென்காசி மாவட்டத்தின் சிற்றிடப் பெயர்களைக் கல்வெட்டு, நில ஆவணம், வாய்மொழி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுத் தொகுத்தல் அவ்வகையில் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.